இடக்காதுப் பெட்டி

மேசையில் வைத்த சாமான் தானாக நடந்து போகாது என்பது இன்னாசிமுத்து மாஸ்ரர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பௌதிகம். அப்படியிருக்க, நேற்றுவரை மேசையில் கிடந்த ஸ்பீக்கரை இன்றைக்குக் காணவில்லை. கறுப்பாய், வட்டமாய், முதுகில் பாரமான காந்தத்தோடு சோற்றுக் கோப்பை அளவில் இருந்த சாமான். போன கிழமை ஈயக்கம்பிச் சுருள் போனது. அதற்கு முதல் குறடு போனது. மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடியதில் மாஸ்ரருக்குக் கிடைத்தது நாரிப்பிடிப்பு ஒன்றுதான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பியவர் வேலியைப் பார்த்தார். கிடுகு வேலியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அங்கால் ஒரு கண். கண்ணுக்குச் சொந்தக்காரன் யோகராசா, அரசாங்கக் கச்சேரியில் கிளார்க், பக்கத்து வீட்டு வளவு.

"என்ன மாஸ்ரர், ஏதோ சாமான் செய்யிறியள் போல?"

"ஒண்டுமில்லை. பள்ளிக்கூடத்துச் சாமான்."

"அதை ஏன் யன்னலைச் சாத்திப்போட்டுச் செய்யிறியள்?"

"காத்து."

"காத்துக்கு யன்னலைத் திறக்கிறதெல்லோ?"

கள்ளன்தான் இப்படித் துருவித் துருவிக் கேட்பான் என்று மாஸ்ரர் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

காலம் அப்படி. மன்னார்த் தீவில் அப்போது கடையில் வயர் வாங்கினால் எதற்கென்று கேட்பார்கள். ஆணி வாங்கினாலும் கேட்பார்கள். ஒன்றும் வாங்காமல் திரும்பினால், இவன் ஏன் ஒன்றும் வாங்காமல் போகிறான் என்று பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆமிக்குச் சனத்தில் சந்தேகம், சனத்துக்கு ஆமியில் சந்தேகம், மிஞ்சின நேரத்தில் சனத்துக்குச் சனத்தில் சந்தேகம். இந்தக் காலம் பார்த்து மாஸ்ரர் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, வயர் இழுத்து, பஞ்சு அடைத்து, இரண்டு பெட்டி செய்யத் தொடங்கியிருந்தார்.

காரணம் செபஸ்தியம்மா. பள்ளிக்கூட மூலையில் ஷெல் விழுந்த அன்று, அவருடைய மனிசி மீன் வாங்கிக்கொண்டு அந்த வழியால் வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மீன்கூடச் சிதறவில்லை. காது மட்டும் போய்விட்டது. வலக்காதில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கொஞ்சம் கேட்கும். இடக்காதில் அதுவும் இல்லை. அதன்பிறகு வீட்டில் ஒரு சிலேற்று வந்தது. மாஸ்ரர் எழுதுவார், அவள் வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். தன் குரல் தனக்குக் கேட்காததால், செபஸ்தியம்மாவின் இரகசியம் பள்ளிமுனை வரைக்கும் போகும்.

ஜெர்மனியிலிருந்து மகன் பெனடிக்ற் கடிதம் எழுதமாட்டான். கசற்றில் பேசி அனுப்புவான். அவள் கசற் பெட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, கேட்கிற ஆள் மாதிரித் தலையை ஆட்டுவாள். கேட்கவில்லை என்பது மாஸ்ரருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு அவர் சிலேற்றில் எழுதுவார்: "சுகம். குளிராம். சாப்பாடு பரவாயில்லை."

"இவ்வளவு நேரம் பேசினவன் இவ்வளவுதானோ சொன்னவன்?" என்று ஒருநாள் கேட்டாள். "நீங்கள் எதையோ ஒளிக்கிறியள்."

ஒளிக்கத்தான் செய்தார். கடைசியாக வந்த கசற்றில் பெனடிக்ற் கலியாணம் முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தான். பெட்டை போலந்துக்காரி, யாட்விகா என்று பெயர், எங்களைப்போல வேதக்காரிதான், பயப்படாதேங்கோ. இதைச் சிலேற்றில் எழுத மாஸ்ரருக்குக் கை வரவில்லை. சோக்குக் கட்டி இல்லை என்று சொல்லிச் சமாளித்தார். ஆனாலும் பிள்ளையின் குரலை அவள் கேட்கவேண்டும் என்பது நெஞ்சில் முள்ளாக நின்றது. அதனால்தான் இரண்டு பெட்டி. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளேயும் தனித்தனி அம்பிளிபயர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ். வலக்காதுக்கு அளவாக ஒன்று, இடக்காதுக்குக் கூட்டி மற்றது. நடுவில் அவளை இருத்தி, பழைய கசற்றுகளைப் போடுவது. கலியாணக் கசற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு முன்கூட்டிச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. மாஸ்ரர் செய்த அழைப்பு மணியை அமுக்கி, மணிச் சத்தத்துக்குப் பதிலாகக் கரண்ட் அடி வாங்கின பங்குச் சுவாமி, இன்றைக்கும் வாசல் படலையில் நின்று கைதட்டித்தான் கூப்பிடுவார். வேலை செய்த பிறகு காட்டினால் போதும் என்று மாஸ்ரர் நினைத்தார்.

"தலையணைப் பஞ்சு எங்கை?" செபஸ்தியம்மா ஒருநாள் கேட்டாள். ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்டது. "பெட்டிக்குள்ளை என்னத்தை வைச்சு அடைக்கிறியள்?"

"பஞ்சு" என்று எழுதினார்.

அவள் சிலேற்றைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் கவனமாக இருக்கவேண்டும் என்பதைக் கலியாணமான நாள்முதல் அறிந்தவர், அன்றைக்கு மட்டும் மறந்துபோனார்.

ஸ்பீக்கர் இல்லாத இடக்காதுப் பெட்டி ஓட்டை வாயோடு கிடக்க, வலக்காதுப் பெட்டியை மட்டும் சோதித்துப் பார்ப்போம் என்று, கரண்ட் வந்த பின்னேரம் சுவிச்சைப் போட்டார். எங்கேயோ பூமிக் கம்பியைப் பிழையாகக் கொடுத்திருக்கவேண்டும். பெட்டி 'ம்ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து முனகியது. யன்னல் கண்ணாடி நடுங்கியது. மாஸ்ரர் யோசனையோடு வெளியே பார்த்தார்.

ஒழுங்கையில் கழுதைகள் ஓடிக்கொண்டிருந்தன.

மன்னாரில் ஆமி ஹெலிகொப்டர் வருவது வானொலிக்கு முன்னம் கழுதைக்குத் தெரியும். குப்பை மேய்கிற கழுதை காதை மடக்கி ஓடினால், சனம் வானத்தை நிமிர்ந்து பார்த்து நேரத்தைக் கெடுக்காது. நேராகப் பங்கர்க் குழிக்குள் இறங்கும். அப்படி இறங்கித் தப்பின குடும்பங்கள் உண்டு. மாஸ்ரரும் மன்னார்ச் சனம்தானே. போட்ட சுவிச்சைப் போட்டபடி விட்டு, அடுப்படியில் நின்ற மனிசியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

இரண்டு வளவுக்கும் பொதுவாக வேலியடியில் வெட்டின பங்கர் அது. யோகராசா முன்னமே உள்ளே இருந்தான். செபஸ்தியம்மா மூலையில் இருந்த மண்மூட்டை ஒன்றின்மேல் போய் இருந்தாள்.

"சத்தம் அசையேல்லை மாஸ்ரர். ஹெலி ஒரே இடத்திலை நிக்குது."

"உளவு பாக்கிறான்," என்றார் மாஸ்ரர், விசயம் தெரிந்த ஆள் மாதிரி.

"உங்கடை வீட்டுக்கு மேலைதான் நிக்குது."

"என்ரை வீட்டிலை என்ன கிடக்குப் பாக்க?"

யோகராசா அவரை ஒருமாதிரிப் பார்த்தான். அந்த நேரம் கரண்ட் போனது. தெரு லைற் அணைந்தது. ஹெலியும் நின்றது.

கரண்டில் ஓடுகிற ஹெலி உலகத்தில் இல்லை என்பது பௌதிக மாஸ்ரருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கச்சேரி கிளார்க்குக்கு அவருக்கு முன்னமே விளங்கியிருந்தது.

"பள்ளிக்கூடத்துச் சாமானோ?" என்றான் யோகராசா.

அடுத்த நாள் பின்னேரம் ஆமி வந்தது. ஒரு சார்ஜன்ற், பின்னால் துவக்கு நீட்டிக்கொண்டு சில ஆமிப் பொடியன்கள். நேராக மேசைக்கு வந்து பெட்டியைத் திறந்தார்கள். பஞ்சு, வயர், பஞ்சு.

"மே மொக்கத?" இது என்ன என்று சார்ஜன்ற் கேட்டார்.

மாஸ்ரருக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்கு மட்டும் போதும். வாயைத் திறந்தார், இறக்கம் இருக்கு என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்வது மாதிரி ஏதோ வந்தது. அதற்குள் யோகராசா படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டான். காட்டிக் கொடுத்தது போதாதென்று கூத்துப் பார்க்க வேறு வந்திருக்கிறான் என்று மாஸ்ரர் பல்லைக் கடித்தார். யோகராசா கச்சேரிச் சிங்களத்தில் நீளமாக என்னவோ சொன்னான். பொடியன் ஒருவன் சிரித்தான்.

"என்ன சொன்னனீ?"

"இந்த மனிசன் எதைச் செய்தாலும் வேலை செய்யாது, குண்டு செய்தாலும் வெடிக்காது எண்டு சொன்னனான். சுவாமியின்ரை மணிக் கதையையும் சொன்னனான்."

நன்றி சொல்வதா அடிப்பதா என்று மாஸ்ரருக்குத் தெரியவில்லை. சார்ஜன்ற் சிரிக்கவில்லை. நேற்று சனம் ஓடியதைப் பார்த்து, ஏதோ தாக்குதல் என்று முகாமிலும் எல்லாரும் பங்கருக்குள் இறங்கியதாகவும், தான் சாப்பாட்டுக் கோப்பையோடு விழுந்ததாகவும், சத்தம் எங்கிருந்து வந்ததென்று காவலில் நின்றவனே பார்த்ததாகவும் சொன்னார். ஆக, ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது மாஸ்ரரின் பூமிக் கம்பி.

சார்ஜன்ற் இடக்காதுப் பெட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டார். "இதில இருந்த ரவுண்ட் சாமான் எங்க?" இது தமிழில் வந்தது.

"காணேல்லை சேர்."

"யார் எடுத்தது?"

மாஸ்ரரின் கண் தானாக யோகராசாவிடம் போனது. பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்தக் காலத்தில் ஒரு பெயரைச் சொல்லப் பெரிய மூச்சு ஒன்றும் தேவையில்லை. சொன்ன பெயரைத் திருப்பி எடுக்கத்தான் ஒரு ஆயுள் போதாது. வேலி ஓட்டையில் நின்ற கண் இப்போது வெளிறிப்போய் அவரைப் பார்த்தது.

மாஸ்ரர் பெயரை விழுங்கினார். "தெரியாது சேர்."

"அப்ப கேம்புக்குப் போய்ப் பேசுவம்."

பொடியன் ஒருவன் மாஸ்ரரின் முழங்கையைப் பிடித்தான். கேம்புக்குப் பேசப் போனவர்களில் எல்லாரும் பேசி முடித்துத் திரும்பியதில்லை. செபஸ்தியம்மா அடுப்படியால் ஓடிவந்து வாசலை மறித்தாள்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது! வீட்டிலை ஒண்டும் இல்லை! பங்கருக்குள்ளையும் ஒண்டும் இல்லை!"

பங்கரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்ரர் அவளைப் பார்த்தார். மூலையில் இருந்த அந்த மண்மூட்டை நினைவுக்கு வந்தது. மற்றக் கையால் சிலேற்றை எட்டி எடுத்தார். மேசையில் வைத்து எழுதினார். "அது ஸ்பீக்கர். உனக்குத்தான் செய்தனான். பிள்ளையின்ரை குரல் கேக்க."

அவள் வாசித்தாள். "நீங்கள் எழுதினதை எப்ப நான் நம்பினனான்?"

சரியான கேள்வி. பதில் எழுதினால் அதையும் நம்பமாட்டாள். மாஸ்ரர் சார்ஜன்றைக் கையெடுத்துக் கும்பிட்டு, வலக்காதுப் பெட்டியின் சுவிச்சைப் போட்டார். பெட்டி முனகியது. ஆமிப் பொடியன்கள் முகட்டைப் பார்த்தார்கள். ஒழுங்கையில் குளம்புச் சத்தம் கேட்டது. பூமிக் கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் முறுக்கினார், முனகல் அடங்கியது. வயரால் கொழுவியிருந்த கசற் பெட்டியைத் தட்டிவிட்டு, அவளுடைய கையை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்து, குமிழை முழுக்கத் திருகினார்.

"அம்மா, நான் பெனடிக்ற் கதைக்கிறன்..."

வீடு அதிர்ந்தது. அவளுடைய விரல்கள் அதிர்ந்தன. மெல்லக் குனிந்து வலக்காதைப் பெட்டியோடு வைத்தாள். இந்தமுறை தலையை ஆட்டவில்லை. அசையாமல் நின்றாள்.

"என்ரை பிள்ளைக்குத் தடிமன், மூக்கடைச்சுக் கிடக்கு," என்றாள்.

பிறகு ஒருவரையும் பார்க்காமல், அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு பங்கருக்கு நடந்தாள். துவக்குகள் பின்னால் ஓடின. மூலை மூட்டையைக் கிழித்தாள். குறடு வந்தது, ஈயக்கம்பி வந்தது. கடைசியில் பழஞ்சீலையில் சுற்றின வட்டச் சாமான் வந்தது, அதைச் சுற்றிக் குருத்தோலை ஞாயிற்றில் கோயிலில் மந்திரித்த ஓலை கட்டியிருந்தது.

"கண்ணிவெடியெண்டு நினைச்சன்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "வெடியாமல் இருக்கக் குருத்தோலை கட்டி வைச்சனான்."

யோகராசா இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மாஸ்ரர் அவனைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான். மன்னிப்புக் கேட்க வேண்டியதைச் சொல்லாமலே கேட்டு முடித்துக்கொண்டார்கள்.

மாஸ்ரர் ஈயம் ஒட்ட, ஆமிப் பொடியன் ஒருவன் வயரைப் பிடித்துக்கொடுத்தான். குருத்தோலையை அவிழ்க்க அவள் விடவில்லை. அதுவும் பெட்டிக்குள் போனது. கதிரையை நடுவில் போட்டு அவளை இருத்தி, இரண்டு குமிழையும் கூட்டினார். பயத்தில், உள்ளே கிடப்பது எந்தக் கசற் என்பதை மறந்துபோனார். பெரிய சத்தத்தில் பதிந்த கசற் என்று சோதிக்கப் போட்டு வைத்திருந்தது அது.

"...அம்மா, இப்ப உங்கடை மருமகள் கதைக்கப்போறா." பிறகு ஒரு பெட்டையின் குரல், படித்துப் படித்துப் பாடமாக்கின தமிழில்: "வணக்கம் மாமி. நான் யாட்விகா. சுகமா?"

செபஸ்தியம்மா எழும்பவில்லை. தலையை மட்டும் திருப்பினாள்.

"ஆர் இந்தப் பெட்டை?"

மாஸ்ரர் சார்ஜன்றைப் பார்த்தார். "சேர், கேம்புக்குப் போவமோ?"

யோகராசா இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். சார்ஜன்ற் அப்போதுதான் சிரித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

"உங்களை மனிசியிட்டையே ஒப்படைச்சிட்டுப் போறாராம்," என்றான் யோகராசா.

அவர்கள் போன பிறகு செபஸ்தியம்மா அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச்செய்து கேட்டாள். பெட்டைக்குப் பின்னால் பெனடிக்ற் மெதுவாகச் சொல் எடுத்துக் கொடுப்பதும் இப்போது அவளுக்குக் கேட்டது.

"பாவம், எவ்வளவு பாடுபட்டுச் சொல்லுறாள்," என்றாள். பிறகு, "பழைய கசற் முழுக்கக் கொண்டாங்கோ. முதலிலையிருந்து கேக்கப்போறன். இன்னும் என்னென்ன ஒளிச்சனீங்கள் எண்டு பாப்பம்."

மாஸ்ரர் அலுமாரிக்கு நடந்தார். பின்னால், அவள் கையை நீட்டி இடக்காதுக் குமிழைத் தானே இன்னும் கொஞ்சம் திருகினாள். பெட்டி அடிவயிற்றிலிருந்து முனகியது. வெளியே கழுதைகள் ஓடின. கதவுகள் திறபட்டன, சனம் பங்கருக்கு ஓடியது.

"ஓடாதேங்கோ! ஓடாதேங்கோ!" வேலிக்கு மேலால் யோகராசா கத்துவது கேட்டது. "அது மாஸ்ரரின்ரை மருமகள்!"