வரிசையில் மூன்றாவது முகம்

எங்கள் தெருவில் குழந்தைக்குக் காது குத்தினாலும் பேனர், பெரியவர் செத்தாலும் பேனர். பேனர் வைக்கக் கூடாதென்று புதுச்சேரியில் சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டத்துக்குப் பிறந்தநாள் வந்தால் அதற்கும் ஒன்று வைத்துவிடுவார்கள். அதனால் அன்று காலை தட்டாஞ்சாவடி கம்பெனிக்குக் கிளம்பி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது புதுப் பேனர் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யாருடையது என்பதும் தெரியும். வெற்றிச்செல்வனின் நினைவு நாள். வருஷா வருஷம் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்கென்று ஏனோ நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன்.

மேலே வெற்றி. பதினேழு வயதில் நின்றுபோனவன், பள்ளிக்கூடச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். அதன் கீழே ‘ஏழாம் ஆண்டு நினைவு அஞ்சலி’. அதற்கும் கீழே நண்பர்கள் வரிசை, எல்லாம் கைகூப்பிய சின்னச் சின்ன முகங்கள். மூன்றாவது முகம் என் தம்பி பிரேம்குமார்.

வெற்றியைக் குத்திக் கொன்றவன் அவன்தான்.

காரணமா? பைக்கை இரவல் வாங்கிப் போன வெற்றி அதன் டேங்கில் ஒரு கீறல் போட்டுவிட்டான். அவ்வளவுதான். இருபத்திரண்டு வயது மாடு, ஒரு கீறலுக்காகக் கத்தியை எடுத்தது. எடுத்ததோடு விட்டதா? மறுநாள் பாடை தூக்கியது. வெற்றியின் அம்மா செல்வாம்பாள் அத்தை மயங்கி விழுந்தபோது ஓடிப்போய் சோடா வாங்கிவந்தது. பையன்கள் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டபோது, அவன் அழுதுகொண்டிருக்கிறானே என்று என் போனிலிருந்து நான்தான் அனுப்பிவைத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. அந்தப் பேனரை அன்றே ஜனங்கள் கிழித்தார்கள். அதற்குப் பிறகு வைத்த பேனர்களில் வெற்றி மட்டும்தான் இருப்பான்.

கோர்ட்டில் ஆயுள் தண்டனை என்று படித்தபோது அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அம்மா மட்டும் மாதம் தவறாமல் காலாப்பட்டு ஜெயிலுக்குப் போய் வருகிறாள். ஒருமுறை திரும்பிவந்து, பிள்ளை இளைத்துப் போய்விட்டான் என்று அழுதாள். செத்தவன் இன்னும் இளைத்திருப்பான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஜெயில் கதையை என்னிடம் எடுப்பதில்லை. என்னை மட்டும் என் புருஷன் வீட்டார் விட்டார்களா? கொலைகாரன் வீட்டுச் சம்பந்தம் வேண்டாமென்று பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். இந்த வீட்டை விற்றுவிட்டு எங்காவது போகலாமென்றால் வாங்கவும் ஆள் வரவில்லை. ஆக, ஒரே தெருவில், வெற்றி வீட்டுக்கு ஐந்தாவது வீட்டில், குனிந்த தலையோடு இருக்கிறோம்.

அச்சடித்த கடையில் நடந்த கூத்து பிறகுதான் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்தவன் வெற்றியின் பெயரைப் போட்டுத் தேடி, கம்ப்யூட்டரில் முதலில் கிடைத்த, அன்று கிழிபட்ட அந்தப் பேனரையே திறந்து, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறான். பையன்கள் அதை இருட்டில் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அத்தை மாலையோடு இந்த இடத்துக்கு வருவார். மகனுக்கு மாலை போட நிமிரும்போது, கும்பிட்ட கையோடு இவன் நிற்பான். கயிற்றை அறுத்து இழுத்துவிடலாமா? யாராவது பார்த்துவிட்டால் அவ்வளவுதான். கொன்றதும் போதாதென்று, செத்தவன் படத்தையும் கிழித்தாள் அக்காக்காரி என்பார்கள். பார்க்காததுபோல் கம்பெனிக்குப் போய்விடலாமா? ஏழு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட்கூடச் செய்துவிட்டேன். பிறகு அணைத்துவிட்டு, எந்த வாசலைப் பார்க்காமலே ஏழு வருஷம் போனேனோ அந்த வாசலுக்கு நடந்தேன்.

அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். திதி நாளாதலால் கோலம் இல்லை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. சின்ன வயதில் அந்த வீட்டு டிவி முன்னால்தான் நாங்கள் மூன்று பேரும் கிடப்போம். எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது.

“அத்த, பேனர்ல தப்பா அடிச்சிட்டாங்க. அவன் படமும் இருக்குது. நீங்க பாக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்னு வந்தேன்.”

எவன் என்று அவர் கேட்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு முனையைப் பார்த்து நடந்தார். நான் நாலடி பின்னால் போனேன். பேனரின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். அதற்குள் டீக்கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். பேனருக்கு ஏற்பாடு செய்த சக்கரபாணி லுங்கியோடு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டான். முழுசாக இறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் வேறு அடித்துவிடலாமென்று கயிற்றில் கை வைத்தான்.

அத்தை தடுத்தார். இந்த நாளில் தன் பிள்ளை படத்தைத் தரையில் போடக் கூடாதென்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“உங்க வூட்டு ஆளு. நீயே எடு.”

சக்கரபாணி பேனர் வெட்டும் பிளேடைக் கொடுத்தான். டீக்கடை ஸ்டூலைப் போட்டு ஏறினேன். தெருவே அண்ணாந்து பார்த்தது. ஏழு வருஷத்தில் அவன் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடப்பக்கம் பிளேடை இறக்கினேன். கை நடுங்கி, கோடு கோணிக்கொண்டு போனது.

“படத்த வெட்டறதுக்கே உனக்குக் கை இப்பிடி நடுங்குதே,” என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. அவன் காதில் பிளேடு பட்டுவிடக் கூடாதென்று நான் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஊர் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டு திரிகிற வாய் எனக்கு, கை மட்டும் அவன் அக்காவாகவே இருந்தது. அதை அத்தையும் பார்த்திருப்பார்.

துண்டு கையோடு வந்தது. கைப்பைக்குள் திணித்துக்கொள்ளப் போனேன். அத்தை கையை நீட்டினார். சாக்கடையில் எறிவார், இல்லை மிதிப்பார் என்று நினைத்தேன். எது செய்தாலும் நியாயம்தான் என்று கொடுத்தேன்.

அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. தோள் பக்கம் விரலால் தடவினார். பிரேம்குமாரின் தோளில் நாலு விரல் தெரிந்தது. யாரோ பக்கத்தில் நின்று தோளில் கை போட்டிருக்கிறார்கள். ஒரு விரலில் நகம் கறுத்திருந்தது.

“வெற்றி கை இது,” என்றார். “உன் கல்யாணத்துல பெஞ்சு தூக்கறப்ப நசுக்கிக்கினான். நான்தான் எண்ணெ போட்டு வுட்டேன்.”

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மண்டப வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று வந்தவர்களை வரவேற்ற படம் அது. பிரேம்குமார் கைகூப்பி நிற்க, வெற்றி அவன் தோளில் தொங்கிக்கொண்டு சிரிப்பான். பேனருக்கு ஒற்றை ஆள் படம் வேண்டுமென்று, செத்துப்போன பையனை என் கட்டைவிரலாலேயே ஓரமாகத் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன்.

“அந்த முழுப் படம் உங்கிட்ட இருக்குதா நிர்மலா?”

என் பெயரை அவர் வாயால் கேட்டு ஏழு வருஷம். முகத்தில் அப்படியொரு ஆசை. இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் இன்னும் நாலு நாளைக்காவது அது அவர் முகத்தில் இருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

“இல்ல அத்த. அவனப் புடிச்ச அன்னைக்கே, அவங்க ரெண்டு பேரும் இருந்த படத்தையெல்லாம் அழிச்சிட்டேன். பாக்க முடியல.”

அவர் துண்டை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். சக்கரபாணி, விரலை மட்டும் தனியாக வெட்டித் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

“வேணாம்டா. இன்னும் எத்தினி தடவ அவன வெட்டறது?”

துண்டு மடங்கிவிடாமல் மெதுவாகச் சுருட்டினார். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அந்த நாலு விரலுக்காக, கும்பிட்ட கையோடு என் தம்பியும் கூடவே அந்த வீட்டுக்குள் போனான்.