நெற்றி அசையாத மூன்று மாதம்

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லில் பிறந்தது. பெரிய காரணம் எதையும் தேடாதீர்கள். ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் பல் பிடுங்கக் காத்திருந்தேன். சுவரில், சுருக்கம் போக்கும் ஊசிக்கு ஒரு விளம்பரப் படம். ஒரே பெண்ணுக்கு இரண்டு முகம். ஒன்றில் நெற்றி நிறைய வரி, இன்னொன்று வழுவழுவென்று இருந்தது. பல் வைத்தியர் முகத்துக்கு ஊசி போடுகிறார் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். லோரி மெக்கானிக் தாலி செய்து தருகிறேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன், வாசிக்கிற உங்களையும் சேர்த்துத்தான். அதனால் முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அப்பாவு என்ற எழுபது வயதுக்காரர் ஈப்போவில் தனியாக வாழ்ந்து வந்தார். இழந்த இளமையை மீட்க வேண்டும் என்று ஒரு நாள் அவர் –"

விட்டுவிட்டேன். அப்பாவு என்று ஒருவனும் இல்லை. ஊசி குத்தியது என் நெற்றியில்.

2

எதற்கு என்று சொல்லாமல் மேலே போனால் கிழவனுக்குக் கொழுப்பு என்பீர்கள்.

தாப்பா பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைத் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு, எங்கெங்கோ போனவர்கள் வந்து கூடுவார்கள். இந்த வருஷம் நவமணி வருகிறாள் என்று கூட்டாளி பத்துமலை போனில் சொன்னான். நாற்பத்தெட்டு வருஷமாக வராதவள்.

"புருசன் செத்து ரெண்டு வருசமாச்சாம்டா. தைப்பிங்ல மவன் வூட்ல இருக்கா. ஒன்னத்தான் கேட்டா."

"என்னான்னு கேட்டா?"

"இருக்கானா போயிட்டானான்னு. ஒன் வயசுக்கு வேற என்னத்தக் கேப்பா?"

(என் பெண்டாட்டி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி இதில் எழுத மாட்டேன். அவள் நல்லவள். அவளுக்கு வேறு கதை உண்டு.)

அந்தப் போன் வந்த மறுநாள்தான் பல் பிடுங்கப் போனது. டாக்டர் மாதுமை, சின்னப் பெண். வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் பேச முடியாமல், சுவரிலிருந்த படத்தைக் காட்டி என் நெற்றியைக் காட்டினேன்.

"உங்களுக்கா அங்கிள்? வீட்ல கல்யாணமா?"

"கோயில் திருவிழா" என்றேன் பஞ்சோடு. சிரித்தாள். பல் ஆறட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றாள்.

போனேன். காகிதத்தை நீட்டினாள். எதையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் அன்றைக்குப் படிக்காமலே போட்டேன்.

"இது சதைய அசையவிடாத மருந்து அங்கிள். அசையலன்னா சுருக்கம் விழாது. ஆனா மூணு மாசத்துக்குப் புருவத்தத் தூக்க வராது. ஓகேயா?"

"புருவத்த வச்சு நான் என்னா கல்லு ஒடைக்கவா போறேன்? போடும்மா."

ஆறு குத்து. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது.

3

இந்த இடத்தில் நவமணியை வர்ணிக்க வேண்டுமாம். "மருண்ட மான் போன்ற" – இல்லை, பொய். அவளுக்குச் சின்னக் கண். யாரைப் பார்த்தும் மருண்டவள் இல்லை. அவளிடம் இருந்தது புருவம்.

விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. நடுவே அரிக்கேன் விளக்கோடு கங்காணி. கங்காணி அவளுடைய அப்பா. வாயைத் திறந்தால் அன்றைக்குப் பால் வற்றிய மரங்களாகப் பார்த்து வெட்டக் கொடுப்பார். ஆகையால் புருவத்தால் பேசினோம். அவள் ஒரு தடவை தூக்கினால், சாயங்காலம் தண்ணீர்க் குழாயடி. நான் திருப்பித் தூக்கினால், வருகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. விரல்கூடப் பட்டதில்லை.

தைப்பிங்கிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு, பெரட்டில், அவள் தூக்கினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். கங்காணி விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் குனிந்து கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியைப் பார்த்தேன்.*

* கத்தியில் துரு ஏறியிருந்தது, அதனால்தான் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கத்தி நன்றாகத்தான் இருந்தது. பயந்துவிட்டேன்.

4

அன்னதானப் பந்தலில் பத்துமலைதான் முதலில் பார்த்தான்.

"டேய், என்னடா மூஞ்சி இஸ்திரி போட்ட சட்ட மாதிரி இருக்கு?"

"மருந்து."

"என்னா வியாதி?"

நவமணி பெண்கள் பந்தியில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரை. நெற்றியில் ஆழமாக மூன்று வரி. சாம்பார் வாளி எங்களுக்கு நடுவே கடந்து போனது. அவள் என்னைப் பார்த்தாள். தூக்கினாள். ஒரே ஒரு தடவை.

நானும் தூக்கினேன். தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உள்ளே என்னவெல்லாமோ எழுந்தது. நெற்றி மட்டும் அப்படியே கிடந்தது. மறுபடி முயன்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் போய் நின்றேன்.

"நவமணி."

"சொல்லுங்க."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்கதான் மாறவே இல்லலா. அன்னைக்கும் இதே மொகந்தான்."

உனக்காகத்தான் நெற்றியில் ஊசி போட்டுக்கொண்டேன் என்று எழுபது வயதில் எந்த வாயால் சொல்வது? வெட்கம். அவள் மகன் ஹாரன் அடித்தான். "வாரேன்" என்றாள்.

5

முடிவு ஒன்று. பஸ் ஏறித் தைப்பிங் போகிறேன். மழை. மகன் கதவைத் திறந்து "யாரு நீங்க?" என்கிறான். நான் அவனிடம் –

யாரென்று சொல்வது? எழுத வரவில்லை.

முடிவு இரண்டு. மருந்து இறங்கிவிடுகிறது. அடுத்த வருஷத் திருவிழா. (எங்கள் வயதில் அடுத்த வருஷத்தை நம்பிக் கதை எழுதக் கூடாது.)

முடிவு மூன்று. டாக்டரிடமே போய் மருந்தை எடுத்துவிடச் சொல்கிறேன். இது நடந்தது.

"எடுக்க முடியாது அங்கிள், தானாத்தான் போவணும். ஏன், நல்லாத்தானே இருக்கு? பத்து வயசு கொறஞ்சிருச்சு."

"எனக்குக் கொறைய வேணாம்மா. திருப்பிக் குடு."

6

ஒன்றை உங்களிடம் மறைத்தேன். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பேப்பர்ல ஒங்க கத வந்தா படிச்சிருவேன். ஒன்னுலயும் நான் இல்லலா."

ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது உங்களுக்கு எழுதியது இல்லை. இது பேப்பரில் வந்ததற்குச் சாட்சியாக இருங்கள், போதும்.

நவமணி என்பது உன் பெயர் இல்லை. எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். பெரட்டில் எதிரே நின்றது நீதான் என்று உனக்குத் தெரியும். பந்தியில் நான் குனியவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு தடவை தூக்கினேன்; ஊசி விடவில்லை.

முடிவை நான் எழுதப் போவதில்லை. அந்தக் காலையில் நான் முடித்ததே போதும். இந்தத் தடவை நீ முடி. கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். பேப்பர்காரர்கள் விடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.