பாறையை உடைக்காமல்

முதலில் ஒரு நீலக் கோடு.

விளக்கின் வெண்மைக்குக் கீழே, அக்குளின் மஞ்சள் கொழுப்புக்குள், நூல் அளவுக்கு ஒரு நீலம். மார்பில் ஊசியால் செலுத்திய சாயம் தோலுக்கு அடியில் தானாக நடந்து வந்திருக்கிறது. யாரும் வழி சொல்லவில்லை. அதற்கு வழி தெரியும்.

அந்த நீலத்தின் பின்னால் போவதுதான் என் வேலை. பெயர் ஹெப்சிபா. மதுரையில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்கிறேன், இருபத்தாறு வருடங்களாக. எனக்குக் கர்வம் உண்டு. எவ்வளவு வெட்டினேன் என்பதில் அல்ல. எவ்வளவு வெட்டாமல் விட்டேன் என்பதில்.

நான் படித்த காலத்தில் அப்படி இல்லை. பெரிய வெட்டு, பெரிய டாக்டர். மார்பு முழுவதும் போகும். அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகள் அத்தனையும் போகும். அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். பிறகு சிலருக்கு, நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கும். வீங்கினால் என்ன, உயிர் இருக்கிறதே என்று சொல்லி அனுப்புவோம். அப்படிச் சொன்ன எங்களில் யாரும் வீங்கிய கையால் மாவு பிசைந்ததில்லை.

ஐப்பசி. மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை முத்துராக்கு வந்தாள்.

நாற்பத்து மூன்று வயது. பாம்பன் பக்கம். கடலில் பாசி எடுக்கிறவள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குவாள். இடது கை பாறையைப் பிடித்துக்கொள்ளும். வலது கை பாசியைப் பறிக்கும். மேலே வந்து ஒரு மூச்சு. மறுபடி உள்ளே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணினால் மூச்சு முட்டும் என்றாள்.

உப்புப் போகக் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதாம். வலது மார்பில், ஒரு கொண்டைக்கடலை அளவு. பன்னிரண்டாம் நாளே ஊரில் சோதித்து, புற்று என்று எழுதிய தாளோடு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு மாதம் மறைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான்.

படுக்கவைத்துப் பார்த்தேன். மார்பில் கடலை. அக்குளில் விரலுக்குள் உருண்ட ஒரு முடிச்சு, கொட்டைப்பாக்கு அளவு.

என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. மார்பில் கட்டி. அதே பக்கம் அக்குளில் வீக்கம். பரவிவிட்டது. அப்படியே எழுதினேன். அக்குள் முடிச்சுகளை முழுவதும் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று சொன்னேன். சிலருக்குக் கை வீங்கும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். எல்லாம் சரியாகச் சொன்னேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

அவள் கணவன் நம்புராஜன் சுவரோரம் நின்றிருந்தான். வள்ளத்தில் போகிறவன். கடலைத் தவிர எதற்கும் பயந்த முகமாகத் தெரியவில்லை. இப்போது பயந்திருந்தான். மார்பையும் சேர்த்து எடுத்துவிடும்படி கேட்டான்.

"எல்லாத்தயும் எடுத்துருங்கம்மா. இவ இருந்தாப் போதும்."

அன்பு இப்படித்தான் பேசும். எத்தனையோ கணவர்கள் இதே அறையில் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

முத்துராக்கு அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வலது கையை என் மேசை மேல், நான் எழுதிய தாளின் மேலேயே வைத்தாள்.

"இது வீங்கிருச்சுன்னா, நா இருந்து என்ன செய்ய? கரையில ஒக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

ஐந்து விரலிலும் துணி சுற்றிய தடம். நகத்தோரம் வெடிப்பு. உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், பழையதும் புதியதும். கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று சிவந்து, சீழ் கோத்து, இன்னும் ஆறாமல் இருந்தது. பாறை அறுத்தது என்றாள். துணி சுற்றினாலும் அறுக்கும், அது வழக்கம்தான் என்றாள்.

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் காயம் பட்டால் அக்குளில் நெறி கட்டும். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் மார்பைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன். இரண்டுக்கும் பக்கத்திலேயே இருந்த கையைப் பார்க்கவில்லை. மார்பு டாக்டருக்கு மார்புக்கு வெளியே உலகமில்லை.

வெட்கமாக இருந்தது. அவள் கைக்கு அடியிலிருந்து தாளை இழுத்தேன். எழுதியதை அவள் பார்க்கவே குறுக்கே அடித்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன், இது காயத்தால் கட்டிய நெறியாகவும் இருக்கலாம், சோதிக்காமல் எழுதியது தப்பு என்று சொன்னேன். டாக்டர்கள் அடித்து எழுதுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை போலும். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஸ்கேனில் பார்த்தபடி அந்த முடிச்சுக்குள் ஊசி செலுத்தி, கொஞ்சம் உறிஞ்சி அனுப்பினோம். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் பதில் வந்தது. அதில் புற்று இல்லை.

ஆனால் ஊசி பொய் சொல்லாது என்று சத்தியம் செய்ய முடியாது. சின்னதாக ஒளிந்திருந்தால் அதற்குச் சிக்காது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நீலம்தான்.

இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மார்பிலிருந்து கிளம்புகிற புற்று, அக்குளில் முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளுக்குத்தான் முதலில் போகும். அது வாசல். சாயம் போட்டால் அந்த வாசல் நீலமாகும். அதை மட்டும் எடுத்து, அங்கேயே சோதிப்போம். வாசல் சுத்தமென்றால் வீட்டைக் கலைக்க மாட்டோம். மார்பிலும் அப்படித்தான். கட்டியை, அதைச் சுற்றி நல்ல சதை ஒரு விளிம்பு வைத்து எடுப்போம். மீதி மார்பு இருக்கும். அதற்குப் பிறகு கதிர்வீச்சு கட்டாயம். இப்படி ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்கு, முழு மார்பையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

நம்புராஜன் நம்பவில்லை. கொஞ்சம் எடுப்பதைவிட முழுவதும் எடுப்பது எப்படி நல்லதாக இல்லாமல் போகும்? மிச்சம் வைத்தால் மிச்சத்தில் வராதா? நியாயமான கேள்விகள். நான் படத்தை வரைந்து காட்டினேன். இரண்டாவது படமும் வரைந்தேன். அவன் தலையை ஆட்டினான், முகம் மாறவில்லை.

அவள்தான் அவன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"பாசி எடுக்கப் பாறைய ஒடப்பாகளா?"

அவன் குனிந்துகொண்டான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டான். என் இரண்டு படங்களும் மேசையிலேயே கிடந்தன.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை. விளக்கு எரிந்தது. மயக்க மருந்து ஏறுவதற்கு முன் அவள் ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். முங்கப் போகிறவள் இழுக்கிற மூச்சு.

சாயத்தைச் செலுத்தி, ஐந்து நிமிடம் மெல்லத் தேய்த்துவிட்டேன். அக்குளில் இரண்டு அங்குல வெட்டு. கொழுப்பை விலக்கினேன். நீலக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அவசரமில்லாமல். கோடு முடிந்த இடத்தில் ஒரு நீல முடிச்சு, அதன் அருகில் இன்னொன்று. இரண்டையும் எடுத்தேன். விரலை விட்டுத் துழாவி, அன்று என்னை ஏமாற்றிய கொட்டைப்பாக்கையும் எடுத்தேன். ஆக மூன்று. மூன்றும் சோதனைக்குப் போயின.

கட்டியை எடுத்தேன். மேல் பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப் பக்கத்துக்கு நீள நூல் கட்டினேன். எடுத்த சதைக்கு மேல், கீழ் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் போயிற்று.

பிறகு காத்திருப்பு.

அரை மணி நேரம். கத்திக்கு வேலையில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் கணக்கு மாறும். மறுபடி யோசிக்க வேண்டும், மறுபடி அவளிடம் பேச வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ அரை மணி நேரங்கள். ஒன்றுகூடப் பழகவில்லை.

பச்சைத் துணிக்கு வெளியே அவள் வலது கை பலகையில் நீட்டியிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. கட்டைவிரல் காயம் ஆறிவிட்டது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசி அடித்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து டாக்டர் பாகீரதன். நல்ல செய்தியையும் துக்கச் செய்தி மாதிரி சொல்கிற மனிதர்.

"மூணும் சுத்தம். விளிம்பும் நாலு பக்கமும் சுத்தம். பெரிய முடிச்சு வெறும் நெறிதான். தையல் போடுங்க."

தையல் போட்டேன். அழகாகப் போட்டேன். அவசியமில்லாத அளவுக்கு அழகாகப் போட்டேன். அக்குளில் மீதி முடிச்சுகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. எடுக்காமல் விட்டதைப் பார்த்துப் பூரிக்கிற தொழில் வேறு எதுவும் இருக்குமா, தெரியவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. நம்புராஜனிடம் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். தேம்பி அழுதான். அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

கார்த்திகை முடிந்து மார்கழி. மூன்று வாரக் கதிர்வீச்சு. தோல் கறுத்து, உரிந்து, தேறியது. புற்று திரும்பாமலிருக்க ஐந்து வருட மாத்திரை. கடலுக்குப் போகலாமா என்றாள். கையுறை போட்டால் போகலாம், காயம் பட்டால் உடனே மருந்து போட வேண்டும் என்றேன். கையுறை போட்டால் பாசி எப்படி விரலுக்குத் தெரியும் என்று சண்டை பிடித்தாள். நானும் விடவில்லை. மெல்லிய கையுறை என்று பேரம் முடிந்தது. மாசியில் முங்கத் தொடங்கினாள்.

சித்திரை. பாசி வளரட்டும் என்று அந்தப் பெண்கள் தாங்களே கடலுக்கு ஓய்வு விடுகிற நாட்கள். வெயில் மதுரையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. ஒரு வேன் வந்து நின்றது.

முத்துராக்கு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினோரு பேர்.

முதலில் அவளைப் பார்த்தேன். நாடாவால் இரண்டு கையையும் அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. மார்பில் மெல்லிய தழும்பு, தேடினால்தான் தெரியும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அது தனக்குத் தெரியும் என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பதினோரு பேருல ஒருத்திக்குத்தான் இருக்கு. ரெண்டு மாசமா மறச்சுட்டா. அவள மட்டும் கூட்டியாந்தா ஊருக்குத் தெரிஞ்சுரும்னு அழுதா. அதான் எல்லாரும் வந்துட்டோம். யாருன்னு நா சொல்ல மாட்டேன். எல்லாரயும் பாருங்க."

கடலில் ஒருத்தி முங்கினால் மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாளாம். அது அவர்கள் வழக்கம். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முத்துராக்கு திரைக்கு வெளியே நின்றுகொள்ள, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரிசையாகப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏழாவதாக வந்தவள் சின்னப் பெண், முப்பது இருக்கும். கட்டிலில் படுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இடது மார்பில் இருந்தது. சின்னது. அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்த முறை கைகளையும் பார்த்தேன். சோதனை செய்ய வேண்டும். புற்றாகவே இருந்தாலும், என் விரலுக்குத் தெரிந்த வரை ஆரம்பம்தான். ஆரம்பம் என்பதைவிட நல்ல சொல் என் தொழிலில் கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"கை இருக்கும்ல?"

நான் வாக்குக் கொடுக்க முடியாது. சோதனை வேண்டும், ஸ்கேன் வேண்டும், நீலம் என்ன சொல்கிறதென்று பார்க்க வேண்டும். நேர்மையான பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து முத்துராக்குவின் குரல் வந்தது.

"கண்ணத் தொற. இங்க பாரு."

திரைக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. வலது கை. நேராக, வீக்கமில்லாமல், விரல்கள் விரிய. அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் முயலவில்லை.