படையலுக்கு ஒரு சாண்டர்

ரைன் நதியில் மீன் பிடிக்க அனுமதி அட்டை வேண்டும். அந்த அட்டைக்கான பரீட்சை ஜெர்மன் மொழியில் நடக்கும். புவனேந்திரன் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டார். பிறகு மகள் ஆரணியை அனுப்பினார். அவள் ஒரே தடவையில் பாஸ். அன்றிலிருந்து அட்டை மகளுடையது, மீன் அப்பாவுடையது. அவர் தூண்டில் வீசுவார். அவள் பக்கத்தில் குந்தியிருந்து கைபேசியைப் பார்ப்பாள். மீன்பிடி மேற்பார்வையாளரின் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் தூண்டில் அவள் கைக்கு வந்துவிடும். இப்படியாக, அட்டையில் மீன்பிடிக்காரியான ஆரணி வாழ்நாளில் ஒரு மீனையும் பிடித்ததில்லை.

இப்போது அப்பா இல்லை. மாரடைப்பு. நாளைக்கு எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அம்மா சிவசக்தி அழுகைக்கு நடுவே ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் கடை மீனை வாயிலை வைக்கமாட்டார். ஒரு சாண்டர் கொண்டுவர உனக்கு ஏலாதோ பிள்ளை?"

"ஓம் அம்மா, கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தாள். சாண்டர் மீன் முட்டையிடும் காலத்துத் தடை இன்று நள்ளிரவில்தான் முடிகிறது. அதற்கு முன் பிடித்தால் அட்டை பறிபோகும். நள்ளிரவுக்கும், விடிந்ததும் தொடங்கும் சமையலுக்கும் இடையில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் அவளுக்கு.

இரவு ஆற்றங்கரைக்குத் துணைக்கு வந்த தபோதரன் மாமா, அம்மாவின் தம்பி, பொறுமை எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்கிற ரகம். ஆரணி கைவலையை எடுக்கக் கார் நின்ற இடத்துக்குப் போய் வருவதற்குள், இரையாகும் ரப்பர் மீனைக் கொக்கியில் கொளுவி வீசிவிட்டார். திரும்பி வந்தவள் வளைந்து நடுங்கும் தூண்டிலைத்தான் கண்டாள்.

"பிடிச்சிட்டன் பிள்ளை, பிடிச்சிட்டன்!"

"ஐயோ மாமா, இன்னும் பன்னிரண்டு ஆகேல்லை!"

கரையோரமாக ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்து வந்தது. பழக்கதோஷம், ஆரணியின் கை தானாகத் தூண்டிலைப் பறித்தது. நூலைச் சுற்றச் சுற்ற, கல்லடியில் வந்து புரண்டது மீன். அப்பா இருந்திருந்தால் கூத்தாடியிருப்பார், அவ்வளவு பெரியது.

"வலைக்குள்ளை போட்டுத் தண்ணியிலை ஒளிச்சுப் பிடி," மாமா கிசுகிசுத்தார். "மணி அடிச்சதும் எடுப்பம். அத்தான்ரை படையல் பிள்ளை!"

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இனி இப்படி ஒன்று மாட்டுமா? ஆனால் அட்டை போனால் நள்ளிரவுக்குப் பிறகும் வீச முடியாது. கையை நனைத்து, கொக்கியைக் கழற்றினாள். மீனின் பல் விரலைக் கிழித்தது. மீன் ஒரு சுழற்றலில் மறைந்துபோனது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் அதே பழைய மேற்பார்வையாளர், வெள்ளைத் தாடிக் கிழவர். அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "விட்டதைக் கண்டேன், அதனால் அட்டை தப்பியது. மணி அடிக்கும்வரை தூண்டில் நிலத்தில் இருக்கட்டும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அப்பால் நடந்தார்.

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. ஆரணி வீசினாள். முதல் வீச்சு கல்லில் சிக்கியது. அடுத்தது காலடியிலேயே விழுந்தது. அப்பா தனக்குத்தானே முணுமுணுப்பது நினைவுக்கு வந்தது: அடியிலை தட்டட்டும், ரெண்டு சுத்து, பொறு. அப்படியே செய்தாள். தட்டியது, சுற்றினாள், பொறுத்தாள். ஒன்றுமில்லை. தோள் கடுத்தது, கிழிந்த விரல் எரிந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"கடை திறக்கட்டும், வாங்குவம்," என்றார் மாமா. "அத்தானுக்குத் தெரியவே போகுது?"

"அவருக்குத் தெரியும் மாமா."

அப்போதுதான் நூலில் ஒரு குத்து. இழுத்தாள், அது திருப்பி இழுத்தது. அந்நேரம் பார்த்து ஒரு சரக்குக் கப்பல் கடந்துபோக, அதன் அலை கரையை உறிஞ்சியது. கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். தூண்டிலை மட்டும் விடவில்லை.

"வலை மாமா, வலை!"

தண்ணீரென்றாலே பத்தடி தள்ளி நிற்கும் மனிதர் சப்பாத்தோடு பாய்ந்து வலையை நீட்டினார். மீன் உள்ளே விழுந்தது. கட்டையால் ஒரே அடி, பிறகு கத்தி. பரீட்சையில் எழுதியதை அவள் கை முதன்முதலாகச் செய்தது.

திரும்பி வந்த கிழவர் மீனை அளந்தார். அளவு சரி.

"எனக்கும் கண் இருக்கிறது," என்றார். "இத்தனை வருடமும் வீசியவர் உங்கள் அப்பா. இன்றுதான் நீங்கள் பிடித்துப் பார்க்கிறேன். எங்கே, அவர் வரவில்லையா?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரணி மீனை ஈரச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பின்னேரம் வருவார்," என்றாள். "சாப்பிட."