ஏரிக்கரையில் ஒரு பூண்டு ஆராய்ச்சி

சிட்லபாக்கம் ஸ்ரீநிவாசராகவனுக்குக் கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரைதான் என்று டாக்டர் ஞானஜோதி கெடு வைத்துவிட்டார். ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் சும்மா விடுவாரா? இரண்டு நாள் செல்போனைக் குடைந்து, பூண்டு கேப்ஸ்யூல்தான் வழி என்று முடிவு கட்டினார். கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் ‘ஆதாரம் போதாது’ என்று இருந்தது. கடைசிப் பத்திவரை படிப்பது, விடைத்தாள் திருத்திய காலத்திலேயே அவருக்கு இல்லாத வழக்கம்.

சிக்கல் வேறு. நான்கு தலைமுறையாக அந்த வீட்டு வாசற்படியைப் பூண்டு தாண்டியதில்லை. மனைவி பட்டுவின் மூக்கோ, குரோம்பேட்டையில் யாராவது ரசத்துக்குப் பூண்டு தட்டினால் இங்கே தும்மும். ஆகவே டப்பா ஸ்கூட்டர் டிக்கியில் குடியேறியது. விடிந்ததும் ஒன்றை விழுங்கிவிட்டு, ஏப்பம் அடங்கும்வரை ஏரியைச் சுற்றுவார். லேசில் அடங்காது. நான்கு சுற்று, சில நாள் ஆறு. அவர் போன பக்கத்துக் கொசுக்கள் எல்லாம் வேளச்சேரிக்குக் குடிபெயர்ந்தன. அவரே எண்ணிப் பார்த்தார்.

மூன்றாம் மாதம் ரிப்போர்ட் வந்தது. நூற்று முப்பத்தொன்று. எடையில் ஐந்து கிலோவைக் காணோம்.

“பிரமாதம் சார்! என்ன பண்ணீங்க?” என்றார் டாக்டர்.

பக்கத்தில் பட்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். கண்டுபிடித்த மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? “பூண்டு கேப்ஸ்யூல், டாக்டர்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

பட்டு திரும்பினாள். “அப்போ வாயுக்காக நடக்கறேன்னு சொன்னது பொய்யா? மூணு மாசமா மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடுத்துண்டிருக்கேனே!”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது சார். ஹார்ட் அட்டாக்கைத் தடுக்கும்னு யாரும் நிரூபிக்கல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆபத்துகூட. தினம் எவ்ளோ நடந்தீங்க?”

“ஒண்ணரை மணி நேரம். நாத்தம் போகணுமே.”

“அதான் சார் மருந்து! பூண்டை விட்டுடுங்க, நடையை விடாதீங்க. இப்போதைக்கு மாத்திரை வேணாம்.”

“பூண்டை நிறுத்தினா இவர் நடையையும் நிறுத்திடுவார், டாக்டர். பூண்டையே எழுதிக் குடுத்துடுங்கோ” என்றாள் பட்டு.

“அதுக்கு ஆதாரம் இல்லையேம்மா.”

மறுநாள் ஐந்தரை மணிக்குப் பட்டு அவரைத் தெருவில் தள்ளிக் கேட்டைப் பூட்டினாள்.

“பட்டு, இன்னிக்கு நான் ஒண்ணுமே முழுங்கலையே!”

“நாறறதா நெனைச்சுண்டு நடங்கோ. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மோந்து பார்த்துட்டுத் திறக்கறேன்.”