ஹெல்மெட்டுக்குள் குடித்தனம்

எலாதியோ காலையில் பைக்கை எடுக்க வந்தபோது அவன் ஹெல்மெட்டுக்குள் கறுப்புக் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. வியர்வை நாற்றம் தாங்காமல் அவன் மனைவி நெல்வாதான் ஹெல்மெட்டைக் கழுவி, வாசல் கள்ளிமரத்தில் சாய்த்து மாட்டியிருந்தாள். முதல் மழை பெய்து ஓய்ந்த வாரம் அது. ஃபிஞ்ச் குருவிகளில் ஆணெல்லாம் பெட்டைக்குக் காட்டுவதற்கு வீடு கட்டும் நேரம். இந்தப் பயலுக்குக் கூரையோடு கிடைத்துவிட்டது. புல்லும் பாசியும் திணித்து, பக்கவாட்டில் வாசல் விட்டு, உச்சியில் நின்று கத்தினான்.

“இறங்குடா, வேலைக்குப் போகணும்!” எலாதியோ கையை ஓங்கினான்.

“இந்தத் தீவுல குருவிக் கூட்டைத் தொட்டாலே குத்தம். கை வெச்சே, தேசியப் பூங்கா காவலர்கிட்ட நானே உன்னைப் புடிச்சுக் குடுப்பேன்” என்றாள் நெல்வா.

ஹெல்மெட் இல்லாமல் பைக்கை எடுத்தால் அபராதம். வேறு வழியில்லாமல் மாமியார் சோய்லாவின் ரோஜா நிறச் சைக்கிளில், முழங்கால் இடிக்க இடிக்க, சாந்தா குரூஸ் தீவின் படகுத்துறைக்குப் போனான்.

“கூடையில பூ எங்க கேப்டன்?” என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். பெஞ்சில் படுத்திருந்த கடல்சிங்கம்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

பெட்டை எதுவும் மசியாவிட்டால் ஆண் சலித்துப்போய் இடம் மாறிவிடும். எலாதியோ அதற்காகவே வேண்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழுப்பாக ஒரு பெட்டை வந்தது. உள்ளே நுழைந்து, திரும்பி, இரண்டு புல்லைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கள்ளியிலிருந்த கூட்டுக்குப் பறந்துவிட்டது.

“பிடிக்கல! அதுக்குப் பிடிக்கல!” எலாதியோ கைதட்டினான்.

“உன் நாத்தம் இன்னும் போகலயோ என்னவோ” என்றாள் நெல்வா, வேகவைத்த வாழைக்காயைப் பிசைந்தபடி.

அவனுக்குச் சுருக்கென்றது. “என் ஹெல்மெட்டுக்கு என்ன குறைச்சல்? ஒரு சொட்டு ஒழுகுமா? அந்தாளு வீட்டுக் கூட்டைப் பாரு, தும்மினா விழுந்துடும்!”

உள்ளே போய்த் தலையணையைக் கிழித்து, பஞ்சை அள்ளிவந்து கள்ளிமுள்ளில் செருகினான். கறுப்புக் குருவி ஒரு கண்ணால் அவனை அளந்துவிட்டு, பஞ்சைக் கொத்திக்கொண்டு உள்ளே போனது.

மறுநாள் பெட்டை திரும்பி வந்தது, அலகில் ஓர் இறகோடு.

“வந்துட்டா! நெல்வா, வந்துட்டா!” என்று அவன் போட்ட கூச்சலில் சோய்லாவே எழுந்து வந்துவிட்டாள்.

“அப்ப என் சைக்கிள், மாப்ளே?”

“குஞ்சு பறக்கட்டும் அத்தை.”

“நான் சந்தைக்கு எதுல போறது?”

அன்றைக்கே போனாள். எலாதியோ மிதிக்க, பின்னால் குடையை விரித்து உட்கார்ந்து, “மெதுவா, மெதுவா” என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டு, படகுத்துறை வழியாகவே போனாள்.