விழுந்தவர்கள்: இல்லை

கண்டக்டர் குளியலறை வாசலில் சரிந்தபோது அவள் பின்னாலிருந்து தாங்கினாள். அக்குள்களுக்குள் கைகொடுத்து, அவருடைய எடையைத் தன் தொடையில் வாங்கி, மெல்லத் தரையில் உட்காரவைத்தாள். அதுவரை பயிற்சியில் சொன்ன முறை. பிறகு தனியாகவே தூக்கி நிறுத்தினாள். அது கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஏதோ வெட்டிக்கொண்டது.

முதியோர் இல்லத்தில் அவள் ஆயா. பதினொரு வருடம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"யாரையும் கூப்பிடாதேம்மா" என்றார். "நோட்டுலயும் எழுதாதே. எழுதுனா கட்டிலுக்குக் கம்பி போட்டுடுவாங்க. அப்புறம் ஒண்ணுக்குப் போகக்கூட மணியடிச்சுட்டுக் காத்துக் கிடக்கணும்."

"எழுதணும் ஐயா. ரூல்ஸ்."

"முப்பத்தொரு வருஷம் ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே வேலை பார்த்தவன் நான். ஓடாத தரையில விழுந்தேன்னு எழுதுவியா? மானம் போயிடும்."

அவள் சிரித்தாள். சிரித்தபோதுதான் வலி எவ்வளவு என்று தெரிந்தது.

ஷிப்டு முடிகையில் பதிவேட்டைத் திறந்தாள். நாளுக்கு ஒரு பக்கம். 'விழுந்தவர்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கணவன் தையல்காரன். அளவெடுப்பவன்போல அவள் முதுகில் விரல் வைத்து விரல் வைத்து இறங்கினான். "இங்கயா? இன்னும் கீழயா?" அவள் கத்திய இடத்தில் விரலை நிறுத்தினான்.

வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இனி எடை தூக்கக் கூடாது. எடை தூக்காத ஆயாவுக்கு இல்லத்தில் வேலை இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்டு மனுப் போட்டாள். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அன்று எங்கள் இல்லத்தில் யாரும் விழவில்லை. மனுதாரரே அப்படிப் பதிந்திருக்கிறார். காயம் வீட்டில் ஏற்பட்டிருக்கலாம். பதிவேட்டின் நகலை இணைத்திருந்தார்கள்.

"உன் கையெழுத்துதானே?" என்றான் கணவன்.

"ஆமா."

"ஏன் அப்படி எழுதுன?"

"அவரு கேட்டாரு."

"நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னென்னவோ கேக்குறேன். ஒண்ணாவது செஞ்சிருக்கியா?" சொல்லிக்கொண்டே வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவள் முதுகில் வைத்தான். "சூடு ஜாஸ்தியா?"

"பரவால்ல."

பார்த்தவர் கண்டக்டர் ஒருவர்தான், அவரை விட்டால் வேறு சாட்சி இல்லை என்றார் தொழிற்சங்கச் செயலாளர். பார்வையாளர் நேரத்தில் அவள் போய்க் கேட்டாள். கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"சொன்னா கம்பி போட்டுடுவாங்க ஐயா. யோசிச்சுச் சொல்லுங்க."

"நீ கதவுலேர்ந்து இந்த நாற்காலிக்கு வர எவ்வளவு நேரமாச்சு, பார்த்தேன்ல?" என்றார். "சொல்றேன்."

விசாரணைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். குளியலறை வாசல், சாப்பாட்டுக்கு முன்னால், அவள் கை இருந்த இடம், நோட்டில் எழுதாதே என்று தான் கெஞ்சியது. விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இல்லத்து வக்கீல் மரியாதையாக எழுந்தார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

செவ்வாய்.

"இங்க எதுல வந்தீங்க?"

"பஸ்லதான்."

இல்லத்தின் காரில் அழைத்து வந்திருந்தார்கள்.

"டிக்கெட் எடுத்தீங்களா?"

கண்டக்டர் சிரித்தார். "ஸ்டாஃப்புக்கு எதுக்குய்யா டிக்கெட்?"

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே எழுதினார். கண்டக்டருக்குச் சந்தோஷம். அவளைத் திரும்பிப் பார்த்தார், எப்படி என்பதுபோல.

சாட்சியின் நினைவு நம்பத்தக்கதல்ல, பதிவேடே சான்று, மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்தது.

அதே வாரம் அவருடைய கட்டிலின் இருபுறமும் கம்பி போட்டார்கள். விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார், இனி எங்கள் பொறுப்பு என்றார் மேனேஜர். கூட வேலை பார்த்த ஆயா போனில் சொன்னாள். "அடம் பிடிக்கிறாருக்கா. ராத்திரி கம்பியைப் பிடிச்சு ஆட்டுறாரு. உன்னைத்தான் கேக்குறாரு."

அவள் உட்கார்ந்து மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பிடித்து நடத்தினால் அவர் நன்றாக நடப்பார், கம்பியை எடுத்துவிடுங்கள் என்று. கொடுப்பதற்கு முன் செயலாளரிடம் காட்டினாள்.

"கம்பி போட்டுட்டாங்களா? ஏதாவது சீட்டு மாட்டியிருக்காங்களா?"

"மாட்டியிருக்காம். இந்தத் தேதியில விழுந்தவரு, கம்பியை இறக்கக் கூடாதுன்னு. டாக்டர் கையெழுத்தோட."

செயலாளர் மேசையில் தட்டினார். "மடப்பசங்க! அங்க விழலைன்னு சாதிச்சுட்டு இங்க தேதி போட்டு எழுதியிருக்கானுங்க. அப்பீலுக்கு இது ஒண்ணு போதும்க்கா. முதல்ல போய் அதைப் போட்டோ எடுங்க."

"இந்த லெட்டர்?"

"இதைக் கொடுத்தா கம்பியைக் கழட்டிட்டு, தப்பா மாட்டிட்டோம்னு சீட்டையும் சேர்த்துக் கிழிச்சுடுவாங்க. கேஸ் முடியிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."

"எத்தனை நாளாகும்?"

"ஆறு மாசம். ஒரு வருஷம்."

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கண்டக்டர் மெலிந்திருந்தார். முகத்தில் சவரம் இல்லை. அவளைக் கண்டதும் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டியா? நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா கழட்டிடுவாங்கன்னு இவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவள் சீட்டைத் தேடினாள். அது கம்பியில், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டியிருந்தது. குனிய முடியாது. கட்டிலைப் பிடித்து ஒவ்வொரு முழங்காலாகத் தரையில் ஊன்றிப் போனை எடுத்தாள். தேதி தெரியவில்லை. அவருடைய விரல்கள் அதன்மேல் இருந்தன.

"கையைக் கொஞ்சம் எடுங்க ஐயா. எழுத்து மறைக்குது."

எடுத்தார்.

"தெரியுதா?" என்றார். "இல்ல, நான் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கவா?"